வாஞ்சிநாதன் வாங்காத பதினெட்டாவது கேமரா

பதினொரு வருஷத்தில் வாஞ்சிநாதன் வாங்காமல் விட்ட கேமராக்கள் மொத்தம் பதினேழு. சும்மா விட்டவை இல்லை. ஒவ்வொன்றையும் படித்து, அலசி, கனவில் கழுத்தில் மாட்டி அழகு பார்த்து, கடைசி நிமிஷத்தில் விட்டவை. காரணம் எப்போதும் ஒன்றுதான். இதைவிட நல்ல சென்சார் அடுத்த வருஷம் வருவதாகப் பேச்சு.

சென்சார் என்பது, அந்தக் காலத்துக் கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற சில்லு. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குவது அதுதான். அப்படியொரு சில்லை உலகத்தில் எந்தக் கம்பெனி எப்போது செய்யப்போகிறது என்று யாரோ யாருக்கோ சொன்னதை யாரோ எழுதுவதற்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. கொல்கத்தாவில், பாலிகஞ்சில் இருந்த ஃபிளாட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு வாஞ்சிநாதன் அந்த மன்றத்தில்தான் குடியிருந்தார். மனுஷன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. நடக்காத விபத்தைப் பற்றி முப்பது வருஷம் யோசித்தவருக்கு வராத கேமராவைப் பற்றி யோசிப்பது ஒரு சிரமமா?

சரி, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அவர் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு நஷ்டம். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து ஐம்பத்தாறு வயசு வரை டார்ஜிலிங் போகாத ஒரே ஜீவன் அவள்தான். பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுத்தாள். பூஜா லீவு முடிந்து பள்ளி திறந்தால், ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருத்தி டார்ஜிலிங்கில் எடுத்த காஞ்சன்ஜங்கா சிகரத்தின் படத்தைக் கொண்டு வந்திருப்பாள். "இந்தத் தடவையும் போகலையா, அனந்தா தீதி?" என்பார்கள். இவள் சிரித்து வைப்பாள். சிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்பாள்.

"போகலாம்டி. யார் வேண்டாம்னா?" என்பார் வாஞ்சிநாதன். "ஆனா இப்ப கடையில இருக்கற கேமராவை வாங்கிண்டு போய் என்ன பிரயோஜனம்? விடியறச்சே பனி மேல வெளிச்சம் கொட்டும். கீழே பள்ளத்தாக்கு கும்மிருட்டு. பனியைப் பிடிச்சா பள்ளம் கரியாப் போயிடும். பள்ளத்தைப் பிடிச்சா பனி வெளுத்துப் போயிடும். ரெண்டையும் ஒண்ணாப் பிடிக்கற சென்சார் வரட்டும்."

"கண்ணு பிடிக்காதா?"

"கண்ணால பார்த்ததை நாளைக்கு யாருக்குக் காட்டறது?"

இப்படியே வருஷங்கள் ஓடின. போன வருஷம் முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டாள். இந்த ஆகஸ்டில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜனவரியில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மலை, படி எல்லாம் பார்த்துத்தான் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து, காலைத் தடவிக்கொண்டே அனந்தலக்ஷ்மி சொன்னாள். "ஏன்னா, என் சொந்தக் கால்ல நின்னு அந்த மலையை ஒரே ஒரு தடவை பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி."

வாஞ்சிநாதன் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"பிப்ரவரியில ஒரு அறிவிப்பு வரப்போறதாம்டி. அதை மட்டும் பார்த்துடுவோமே."

அனந்தலக்ஷ்மி மெல்ல எழுந்து விளக்கேற்றப் போனாள். கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். "அந்தப் புது சென்சார்ல அப்படி என்னதான் விசேஷம்?"

வாஞ்சிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் ஒருத்தர் கேட்கிறார். ரசக் கிண்ணத்தை நடுவில் இழுத்து வைத்தார். "இதோ பார். ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு கிண்ணம். வெளிச்சம் விழ விழ உள்ளே எலக்ட்ரான் சேரும். எலக்ட்ரான்னா என்னன்னு உனக்கு எப்படிச் சொல்றது…"

"சுமாராத் தெரியும்," என்றாள் பிசிக்ஸ் டீச்சர்.

"ம். பனி மேல இருந்து வர்ற வெளிச்சத்துல கிண்ணம் சட்டுனு ரொம்பி வழிஞ்சுடும். பள்ளத்தாக்கோட கிண்ணத்துல அப்பத்தான் ரெண்டு சொட்டு விழுந்திருக்கும். அதான் தகராறே."

"ரொம்பினதும் கொட்டிட்டு, எத்தனை தடவை கொட்டினோம்னு அந்தக் கிண்ணமே எண்ணிண்டா போறாதா?"

வாஞ்சிநாதன் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "இதென்ன பாத்திரம் தேய்க்கற சமாசாரமா? உனக்குப் புரியாதுடி. ரசம் ஊத்து."

அவள் ஊற்றினாள்.

செப்டம்பரில் மன்றத்துக்கு ஒரு புதிய ஆள் வந்தார். பெயர் 'டார்க் கரண்ட்'. வெளிச்சமே இல்லாதபோதும் சென்சாருக்குள் ஓசைப்படாமல் ஓடும் மின்சாரத்துக்கு அந்தப் பெயர். என்ன ஒரு ஞானம்! வந்த வேகத்தில் ஒரு நீண்ட கட்டுரை. கிண்ணம் நிரம்பியதும் கொட்டிவிட்டு, எத்தனை தடவை கொட்டியது என்று பிக்ஸலே எண்ணிக்கொள்ளும் சென்சார் சாத்தியம் என்று கணக்கோடு நிறுவியிருந்தார். மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. வாஞ்சிநாதன் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"இதைக் கேளு! இதுக்குப் பேர் மூளை! கிண்ணமே எண்ணிக்குமாம்!"

"அடேயப்பா," என்றாள் அனந்தலக்ஷ்மி, கத்தரிக்காயை விட்டுக் கண்ணை எடுக்காமல். "யார் அவர்?"

"வெளியில சொல்ல மாட்டார். பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல இருப்பார். ஒல்லியா, கண்ணாடி போட்டுண்டு, வீட்டுல ஒருத்தரும் மதிக்க மாட்டா. ஜீனியஸ்னா அப்படித்தான்."

"ஆமா, பாவம்," என்றாள்.

அக்டோபர் கடைசியில், காளி பூஜைக்கு மறுநாள், டார்க் கரண்ட் குண்டைத் தூக்கிப் போட்டார். எண்ணும் சென்சாரின் மாதிரி ஒன்று தயாராகிவிட்டதாகக் கேள்வி. அதைச் சோதிக்க, விடியலில் பனியும் இருட்டும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் இடம் தேடுகிறார்களாம். நவம்பர் இரண்டாம் வாரம், டைகர் ஹில், டார்ஜிலிங். கேமராவில் கம்பெனிப் பெயர் தெரியாதபடி மறைத்திருப்பார்கள்.

வாஞ்சிநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம்தான் அந்த மகா தீர்மானம். போகவேண்டும். ஆனால் எதற்கென்று அனந்துவுக்குத் தெரியக்கூடாது. பெண்டாட்டி மேல் பாசத்தில் போவதாக இருக்கட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அனந்து, யோசிச்சுப் பார்த்தேன். கேமராவாவது கத்தரிக்காயாவது. உன் கால்தான் முக்கியம். டார்ஜிலிங் போவோம்."

"இப்பவா? வேண்டாம்னா. குளிரும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "குளிருக்கு மங்கி கேப் இருக்கே!"

"பிப்ரவரி அறிவிப்பு வரட்டும்னேளே."

"அது கிடக்கட்டும்டி!"

"கால் வேற வலிக்கறது. பெட்டியெல்லாம் யார் தூக்கறது?"

"நான் தூக்கறேன்."

"ரெண்டு நாளைக்காக அவ்வளவு தூரமா?"

"நாலு நாள் இருப்போம்!"

"மலை ஏறற அந்தப் பொம்மை ரயில்ல போகணும்னு ஆசை. உங்களுக்குத்தான் தலை சுத்துமே."

"சுத்தினா சுத்திட்டுப் போறது!"

"ம்," என்று பெருமூச்சு விட்டாள். "நீங்க இவ்வளவு தூரம் கெஞ்சறதால வரேன்."

பெட்டி ஏற்கனவே பாதி அடுக்கியாகி இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் பத்து நிமிஷத்துக்கொரு தடவை மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைகர் ஹில்லில் ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் ஏற்றம். அனந்தலக்ஷ்மி ஒரு கையில் தடியும் ஒரு கையில் கணவனுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் நானூறு பேர், அத்தனை பேரும் கொல்கத்தாக்காரர்கள், அத்தனை தலையிலும் மங்கி கேப். அவளை ஒரு கம்பி ஓரமாக நிறுத்தியதுதான் தாமதம், "இதோ வந்துட்டேன்" என்று வாஞ்சிநாதன் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

ஒவ்வொரு கேமராவாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றில் பெயர் இருந்தது. இன்னொன்றிலும் இருந்தது. பத்தாவது ஆளிடம் வந்ததும் சட்டென்று நின்றார். முக்காலி மேல் ஒரு கேமரா. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு டேப்! பின்னால் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர்.

வாஞ்சிநாதன் நெருங்கிப் போய் 'டார்க் கரண்ட்?' என்று இங்கிலீஷில் கிசுகிசுத்தார். அந்த ஆள் மிரண்டு பார்த்து, கேமராவை அணைத்துக்கொண்டு, அதே இங்கிலீஷில், அதே கிசுகிசுப்பில் திருப்பிக் கேட்டார். "நீங்கதான் டார்க் கரண்டா?"

"நானா? நீங்க இல்லையா?" என்று வாஞ்சிநாதனுக்குத் தமிழ் வந்துவிட்டது.

"தமிழா சார் நீங்க! நான் செல்வராஜ். ஹவுரா பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப். மன்றத்துல படிச்சிட்டு லீவு போட்டு வந்தேன் சார்."

"அப்ப அந்த டேப்பு?"

"கூட்டத்துல எவனாவது பேரைப் பார்த்து அடிச்சிட்டுப் போயிடுவான்னு வீட்டுக்காரம்மா ஒட்டி விட்டாங்க. வாங்கி ஒன்பது வருஷமாச்சு சார் இது."

இருவரும் சேர்ந்து அடுத்த சந்தேக நபரைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நானூறு பேரும் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள். வாஞ்சிநாதன் திரும்பவில்லை. எல்லோரும் மலையைப் பார்க்கிற நேரம், கேமராக்களை நிதானமாகப் பார்க்கலாமே என்று அவர் கணக்கு.

அவர் தாடையை ஒரு குளிர்ந்த கை பிடித்தது. அனந்தலக்ஷ்மி. அந்தக் காலோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறாள். "போறும். அங்க பாருங்கோ," என்று அவர் முகத்தை அப்படியே திருப்பினாள்.

பார்த்தார்.

பனி முதலில் ரோஜா நிறமாக இருந்தது. பிறகு பொன்னாயிற்று. கீழே பள்ளத்தாக்கில் இருட்டு இன்னும் கலையவில்லை. அந்த இருட்டுக்குள் ஒரு ஊரும், ஊருக்குள் நாலைந்து விளக்குகளும், ஒரு வீட்டுப் புகையும் அவருக்குத் தெரிந்தன. பனியும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. பிறந்ததிலிருந்து இந்தக் கண்கள் முகத்தில்தான் இருக்கின்றன என்பது அவருக்கு என்னவோ அன்றைக்குத்தான் உறைத்தது. ஐம்பத்தொன்பது வருஷம் எதற்காகக் காத்திருந்தோம் என்று யோசித்தார். கேமராவுக்காகவா, இல்லை, பார்த்துவிட்டால் இனிமேல் காத்திருக்க ஒன்றும் இருக்காதே என்கிற பயமா? பதில் தெரியவில்லை. பக்கத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான். அதைப் பார்த்ததும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஏண்டி, இத்தனை வருஷம் நாம ஏன் வரலை?"

"அதை நீங்க கேக்கறேளா?" என்றாள் அவள், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹோட்டலுக்குத் திரும்பி, ஜன்னலோரம் டீயோடு உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம், மன்றத்தைத் திறந்தார். டார்க் கரண்ட் பத்து நிமிஷம் முன்பு எழுதியிருந்தார். 'சோதனை வெற்றி. பனியும் பள்ளத்தாக்கும் ஒன்றாகப் பதிவாயின. கருவி ஐம்பத்தொன்பது வருஷப் பழசு. சரியாகத்தான் வேலை செய்கிறது. திருப்புவதற்குத்தான் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.'

வாஞ்சிநாதன் இரண்டு தடவை படித்தார். மெதுவாக நிமிர்ந்தார். எதிரே அனந்தலக்ஷ்மி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப… கிண்ணம்?"

"நான் சொன்னப்போ நீங்க ரசம் ஊத்தச் சொன்னேள்."

"அந்த ஆராய்ச்சிக்கூடம்? அந்தக் கணக்கு?"

"பிளஸ் டூ கணக்குதான்னா. டீ ஆறிப்போறது."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மோசடி! உலகத்துக்கு உண்மை தெரிந்தாகவேண்டும். விறுவிறுவென்று மன்றத்தில் எழுதினார். 'நண்பர்களே, ஏமாறாதீர்கள். டார்க் கரண்ட் என்பது பாலிகஞ்சில் இருக்கும் என் மனைவி.'

நாலு நிமிஷத்தில் நாற்பது பேர் அவரைத் திட்டினார்கள். அதில் முதல் ஆள் செல்வராஜ். ஐந்தாவது நிமிஷம், மதிப்புக்குரிய நிபுணரைக் கேவலப்படுத்திய குற்றத்துக்காக வாஞ்சிநாதனை மன்றத்திலிருந்து நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் புது சென்சார் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று அவர் அனந்தலக்ஷ்மியைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அவளும் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால்தான் சொல்கிறாள்.