தொட்டி நகராது, சார்!

பூகம்பத்துக்குக் கணக்குப் போடுகிறவன்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பூகம்பத்துக்குப் பயப்படுவான். நானே சாட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் டில்லியில் ஒரு கன்சல்டன்சியில் பயிற்சிப் பொறியாளனாக இருந்தேன். எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை, ஒரு பெட்ரோல் தொட்டிக்கு அஸ்திவாரம். பானைக்குப் பிரிமணை மாதிரி, தொட்டியின் விளிம்புக்குக் கீழே வட்டமாக ஒரு கான்கிரீட் சுவர். பூமி குலுங்கி, உள்ளே பெட்ரோல் அலையடித்தால் தொட்டி கவிழப் பார்க்கும். கவிழாமலிருக்கத் தொட்டியைச் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டு முடுக்குவதுண்டு. நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, இந்தத் தொட்டிக்கு அதன் கனமே போதும், போல்ட் வேண்டாம் என்று கண்டுபிடித்தேன். (நான் தங்கியிருந்த கிட்வாய் நகர் அறையில் குளிக்கிற வாளியைக்கூட ஆட்டி ஆட்டித்தான் பார்ப்பேன்.)

தொட்டிக்குச் சொந்தக்காரர்களின் அதிகாரி சங்கரலிங்கம் சார் கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊர் திருச்சிக்கு ரயில். அவர் திருநெல்வேலிக்காரர். இருபது வருஷ டில்லி வாசத்தில் அவர் தமிழில் ஏறியது ‘அச்சா’ மட்டும்தான்.

நாலாவது மாடியில் அவர் அறை. சமோசா, டீ வந்தன. வரைபடத்தை விரித்தேன்.

"போல்ட் இல்லாம நிக்குமாவே?"

"பூகம்பமே வந்தாலும் இருந்த இடத்தை விட்டு நகராது, சார்!"

"அச்சா" என்று பேனாவைத் திறந்துகொண்டு படத்தில் மூழ்கினார். அப்போதுதான் என் டீயைப் பார்த்தேன். அலை! டம்ளரின் ஒரு விளிம்பில் ஏறி மறு விளிம்பில் இறங்கியது. இரண்டு மாதமாகக் காகிதத்தில் பார்த்த அதே அலை. மேஜையும் நடுங்கியது.

"பூகம்ப்! பாகோ!"

ஓடுங்கள் என்று கத்த அவ்வளவு நல்ல இந்தி எனக்குள் எங்கே இருந்ததோ! வரைபடத்தை விட்டேன், அதிகாரியை விட்டேன், சமோசாவை மட்டும் விடவில்லை. நாலு மாடியும் என் பின்னால் இறங்கி வந்தது.

தெருவில் எல்லாரும் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். பத்து நிமிஷம் கழித்து சங்கரலிங்கம் சார் டீ டம்ளரும் கையுமாக நிதானமாக இறங்கி வந்தார்.

"தொட்டி நகராதுன்னீரு. நீரு எங்கவே நகந்தீரு?"

"சார், பூகம்பம்..."

"ஒரு பூகம்பமும் இல்லவே. யோசிக்கும்போது நான் காலாட்டுவேன். காலாட்டினா வீட்டுக்கு ஆகாதும்பா எங்க அம்மை. ஆபீசுக்கும் ஆகாதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. வேண்டும்போது அது அசைவதே இல்லை.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் வரைபடம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கீழே பென்சிலில் ஒரு குறிப்பு: "தொட்டிக்கு போல்ட் வேண்டாம். டிசைன் பண்ணினவருக்கு நாலு போல்ட் போடவும்."

டில்லியில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. இந்த வரி மட்டும் தலைகீழ்ப் பாடம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காலாட்டத் தொடங்கிவிடுவாள். ரசத்தில் அலை எழும்பும். காரணம் தெரிந்தும் என் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்.

"அம்மா, அப்பாக்கு போல்ட் போடு, ஜல்தி!"

சமோசா கதை தெரிந்த என் மனைவி போல்ட்டைத் தேட மாட்டாள். அப்பளத் தட்டைத்தான் என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைப்பாள்.