ஓல்டான் வைத்த சன்னல்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வரைக்கும் எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டாலும் கும்பிடு போட்டுவிட்டு ஓடும்படி செய்த ஒரே வீட்டுக்காரர், எனக்குத் தெரிந்து ஓல்டான்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி அந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். என் கணவருக்குத் திருச்சுழியில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். அந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓல்டான். வண்டியை நிறுத்த அவர் இங்கிலீஷ் "ஹோல்ட் ஆன்"ஐச் சுருக்கி "ஓல்டான்!" என்று ஒரு சத்தம் போட்டால், பஸ் மட்டுமல்ல, ரோட்டோரம் மேய்கிற வெள்ளாடுகளும் நின்றுவிடும் என்பார் என் கணவர்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் கண்டக்டர் வாயை விட்டு இறங்காது. இலையில் சோறு போதும் என்றால் ஓல்டான். முடிவெட்டுகிறவர் கத்தியைக் காதருகே கொண்டுபோனால் ஓல்டான். ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவர் குத்துவிளக்கைத் தட்டிவிடப் போகிறார் என்று பதறி இவர் "ஓல்டான்!" போட, மேளம் நின்றது, ஐயர் நின்றார், தாலியைக் கையில் பிடித்திருந்த மாப்பிள்ளையும் அப்படியே நின்றுவிட்டான். பெண்ணின் அப்பா ஓடிவந்து, "அண்ணே, ரைட்டு சொல்லுங்கண்ணே, நேரம் போகுது" என்று கெஞ்சினாராம்.

கொத்தனார்கள் ஓடியதற்கும் இதுதான் காரணம். ஒருமுறை அடுப்படிச் சுவரைப் பூச ஒருவர் வந்தார். ஏணியில் ஏறி முதல் கரண்டிக் கலவையை அப்பும்போது கீழேயிருந்து வந்த "ஓல்டா"னில், கலவைச் சட்டியோடு அவரும் இறங்கிவிட்டார். ஏணி வழியாக இல்லை. அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஓல்டானின் மனைவி நாகம்மாக்கா கெட்டிக்கார நெசவுக்காரி. அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, வெளியே தமிழ். சண்டை வந்தால் தெலுங்கில்தான் தொடங்கும். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும், தெருவுக்கும் புரியட்டும் என்று நாகம்மாக்கா தமிழுக்கு மாறிவிடுவார்.

ஒரு கோடையில், விசேஷ வீட்டுக்குப் போன மாட்டுவண்டி கரிசல்காட்டுப் பாதையில் குடைசாய்ந்தது. நாகம்மாக்காவுக்கு இடுப்பில் அடி. மதுரையில் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். கையிலிருந்ததும் காதிலிருந்ததும் வைத்தியத்தோடு போயிற்று. கால்களுக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை. கணவர் டிக்கெட் கிழிக்கும் அதே பஸ்ஸில், பின்சீட்டில் படுக்கவைத்து அவரைக் கொண்டுவந்தார்கள். அன்று முழு வழியும் ஓல்டான் ஒரு சத்தமும் போடவில்லை என்று என் கணவர் சொன்னார். நிறுத்த வேண்டிய இடத்தில் டிரைவரிடம் போய்த் தோளைத் தொட்டாராம்.

வீட்டுக்கு வந்த நாகம்மாக்கா தரையோடு தரையாகிவிட்டார். அவருடையது குழித்தறி. காலால் மிதித்தால்தான் ஓடும். அதனால் தறி சும்மா கிடந்தது. உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஊன்றி நகர்வார். விளக்கு மாடம் எட்டாது. கொடியில் கிடக்கும் சேலை எட்டாது. கதவின் மேல்தாழ்ப்பாள் எட்டாது. எதற்கும் ஒருவர் வரவேண்டும். அவர் யாரையும் கூப்பிட மாட்டார்.

அந்தப் பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் எங்கள் தெரு வழியாக வந்தது. வெளியே தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால் நாகம்மாக்கா ஒப்பவில்லை.

"சாமி பாக்க வந்தவுகெல்லாம் என்னையப் பாப்பாக. வேண்டாந் தங்கச்சி. நீ நின்னு பாத்துச் சொல்லு."

நான் வாசற்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மனுக்கு அரக்குப் பட்டு என்றேன்.

"கரை என்ன கரை?"

எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அம்மன் முக்குத் திரும்பிவிட்டது. உள்ளே வந்து "தெரியலக்கா" என்றேன். "சரி, போகுது" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதையெல்லாம் ஓல்டான் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யூனிபாரச் சட்டையைக் கழற்றாமலே அவர் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சன்னலை அண்ணாந்து பார்த்தார். அது ஆள் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"இங்கன உக்காந்தா உனக்கு என்ன தெரியுது?"

"எதுத்த வீட்டு ஓடு. எப்பவாச்சும் ஒரு காக்கா."

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, பழைய கொத்தனாரையே தேடிப்போய்க் கூட்டிவந்தார். சட்டியோடு இறங்கினாரே, அவர்தான். சங்கதியைக் கேட்டதும் கொத்தனார் சிரித்துவிட்டார்.

"தரையோட தரையா சன்னலா? யாரு எட்டிப் பாக்க? கோழியா?"

"எம் பெஞ்சாதி."

கொத்தனாரின் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இது மண் செவுரு. கீழ கரிசல். வெயிலுக்குப் பொளக்கும், மழைக்கு உப்பும். அடியில ஓட்டயப் போட்டா மேல உள்ளது எதுல நிக்கும்? பாவம் எனக்கு வேண்டாம்" என்று போய்விட்டார். வேறு ஆளும் வரவில்லை. வந்தாலும் கூலி கொடுக்க அந்த வீட்டில் வழியில்லை.

"நம்மளே செய்வோம்," என்றார் ஓல்டான்.

"ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றார் நாகம்மாக்கா.

"நீதான் சொல்லிக்குடேன்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்!"

இப்படித்தான் வேலை தொடங்கியது. பந்தல்குடிப் பக்கம் ஒரு கொட்டகையில், ஓடி ஓய்ந்த பழைய பஸ் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு, அதிலிருந்து ஒரு பெரிய சன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, ஓடுகிற பஸ்ஸின் கூரையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். கூடவே உள்ளே ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் நீளக் கம்பியும் வந்தது. சன்னலின் மேல்சட்டத்தில் "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று எழுதியிருந்தது. அழிக்கச் சொன்னதற்கு ஓல்டான், "நல்லதத்தான எழுதிருக்கு" என்றுவிட்டார்.

அளவுகோல் என்று ஒன்று வாங்கவில்லை. "கையத் தூக்கு, நாகு" என்பார். அவர் விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. விளக்கு மாடம், அலமாரி, சேலைக் கொடி, தாழ்ப்பாள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இறங்கின. பஸ் கம்பியைச் சுவரோரம் முழங்கால் உயரத்தில் பதித்தார். அதைப் பிடித்து நாகம்மாக்கா வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகலாம்.

கத்திக் கத்தி வேலை சொல்ல நாகம்மாக்காவுக்கு மூச்சு பத்தவில்லை. ஓல்டான் தன் விசிலைக் கொடுத்தார். ஒரு விசில் அடித்தால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் செய். எங்கள் தெருவுக்கு வெளியே பஸ் ரோடு. நாகம்மாக்கா உள்ளிருந்து ஒரு விசில் ஊதினால், ரோட்டில் போகும் டவுன் பஸ் நின்றுவிடும். சிலர் இறங்கியும்விடுவார்கள். இறங்கியவர்களை மறுபடி ஏற்றுவதற்குள் உள்ளே அடுத்த விசில் ஊதிவிடும். டிரைவர்கள் கூடிவந்து முறையிட்ட பிறகு, எங்கள் தெரு முக்கில் பஸ் நின்றுவிட்டுப் போவதென்று வழக்கமாகிவிட்டது.

சன்னல் வைத்து முடிந்தது. மேலே பனங்கட்டை கொடுத்து, இரும்புச் சட்டத்தை இறுக்கியிருந்தார். அது நின்றது. ஆனால் அதோடு விட்டாரா? பக்கச் சுவரில் பாத்திரம் வைக்கவும் ஒரு மாடம் வேண்டும் என்று ஆழமாகக் குடைந்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு மத்தியானம், ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டிலிருந்து விசில் கேட்டது. நிறுத்தாமல் ஒரே விசில். நான் ஓடினேன். கதவைத் தள்ளினேன், அசையவில்லை. கூரை ஒரு பக்கம் அமுங்கி நிலையை இறுக்கிவிட்டது. உள்ளே மண் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா! எங்க இருக்கீக?"

"கம்பியப் பிடிச்சு வந்துக்கிட்டிருக்கேன். சன்னலுக்கு வா!"

தெருச் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முதலில் கை வந்தது. பிறகு தலை. தோளுக்கடியில் கைகொடுத்து இழுத்தேன். முழு உடம்பும் வெளியே வந்து விழுந்த பிறகுதான் பக்கச் சுவர் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. நனைந்த மண், மூட்டை இறக்கினதுபோல் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் ரெண்டு பேரும் மழையில் கிடந்தோம். நாகம்மாக்கா அந்த எழுத்தை நிமிர்ந்து பார்த்து, "கரம், சிரம், எல்லாத்தையும் நீட்டியாச்சு தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் ஓல்டான் வந்தார். சுவரைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தெருவே கூடி நின்றது. அன்றே வேண்டாமென்று சொன்ன கொத்தனாரும் ஓரமாக நின்றார்.

"நானே கொல்லப் பாத்துட்டேனே," என்றார் ஓல்டான். "இனிமே அந்தச் செவுத்துல கை வைக்க மாட்டேன். வேற வீடு பாத்துக் குடிபோவோம்."

நாகம்மாக்கா முதலில் தெலுங்கில் ஏதோ சொன்னார். ஓல்டான் தலையைத் தூக்கவில்லை. அப்புறம் தமிழுக்கு வந்தார்.

"இங்க பாருங்க. இடிஞ்சது நீங்க கொடஞ்ச செவுரு. நான் பொழச்சு வந்தது நீங்க வச்ச சன்னலு. ரெண்டுக்கும் சரியாப் போச்சு. மழ விட்டதும் மண்ணக் கொழைங்க. இந்தத் தடவ செவுர நான் வைக்கிறேன்."

அப்படியேதான் நடந்தது. இடிந்த மண்ணையே வைக்கோல் போட்டு மிதித்துக் குழைத்தார் ஓல்டான். அந்தத் தெருவில் புருசன் சித்தாளாகவும் பெண்டாட்டி கொத்தனாராகவும் வேலை பார்த்தது அதுவே முதல் தடவை. வேலை இல்லாதவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் ஓல்டான் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கேட்டதில் கூட்டம் குறைந்தது. நாகம்மாக்கா உட்கார்ந்தபடி, தறிப் பாவில் நூல் நேராக ஓடுகிறதா என்று பார்க்கிற கண்ணோடு மண் வரிசையைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கை எட்டுகிற மட்டும் அவர் வைத்தார். அதற்கு மேலே ஓல்டான்.

கூரை ஏற்றும் நாளில் கூப்பிடாமலே கொத்தனார் வந்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார்.

"இந்தக் கீழ்ப்பாதி யாரு வச்சது?"

"நாந்தாண்ணே," என்றார் நாகம்மாக்கா.

"மேல?"

ஓல்டான் வானத்தைப் பார்த்தார்.

"மேல இடிச்சா கீழயும் ஆடிப்போகும். கெடக்கட்டும், நிக்கும்," என்று கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டினார். "உத்திரத்த நான் ஏத்தித் தாரேன். கூலி வேண்டாம். ஆனா இவரு வாயத் தெறக்கப்படாது." உத்திரம் ஏறி உட்காருகிற வரைக்கும் ஓல்டான் துண்டைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு தெருவில் நின்றார். கண்ணெல்லாம் பிதுங்கியிருந்தது.

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் பாதி சட்டை தரையில் கிடக்கும். தாழ்ப்பாளைத் திறக்கக் குனிய வேண்டும். என் கணவர் இருட்டில் பஸ் கம்பி தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தார். எல்லாம் அங்கே அந்த உயரத்தில்தான் இருந்தன.

நாகம்மாக்கா சன்னலோரம் உட்கார்ந்து தறிக்காரர்களுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார். கீரைக்காரி, பால்காரர், பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள், எல்லாரும் குனிந்து ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். அடுத்த பங்குனியில் அம்மன் சேலைக்கு மயில்கண் கரை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நான் மத்தியான வேளையில் சன்னலுக்கு வெளியே, தெருவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். குமாஸ்தா பெண்டாட்டி தெருப்புழுதியில் உட்காருகிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

எழுபதுகளில் என் கணவருக்கு மாற்றல் வந்து ஊரை விட்டுக் கிளம்பினோம். லாரியில் சாமான் ஏறியது. ஓல்டான்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். நாகம்மாக்கா என் கையைச் சன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது தெருவுக்குள் நுழைந்தேன். சன்னலுக்கு வெளியே, நான் உட்காருகிற அதே இடத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சிமெண்டு மேடை ஒன்று புதிதாக இருந்தது.

"நீ போனப்பறம் அவுக போட்டது," என்றார் நாகம்மாக்கா. "தங்கச்சி வந்தா மண்ணுல உக்காரப்படாதுன்னு. வேற யாரையும் உக்கார விடுறதில்ல."

உட்கார்ந்தேன். மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, விழாமலிருக்கச் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தனை சௌகரியமாக நான் வேறு எங்கேயும் உட்கார்ந்ததில்லை.