ஓவீட் மாமாவும் ஒரு ஸ்ட்ராவும்

ஓவீட் கிட்ரி "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம். பட்டப்பகலில், நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு காவலர் முன்னால். சனிக்கிழமை மாலைக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. நம்ம சதுப்பு முதலை சைவத்துக்கு மாறிவிட்டது என்றிருந்தால்கூட நம்பியிருப்பேன். விசாரிக்கக் கிளம்பினேன்.

ஓவீட் ஓர் இனம். முன்னிருக்கைச் சட்ட நிபுணர் என்று பெயர். சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் காரில் ஏறி பெல்ட் மாட்டுவதற்குள், டெக்சாஸில் வண்டிக்குள் மதுப்புட்டி திறந்திருந்தால் என்ன ஆகும், நியூ ஆர்லியன்ஸ் தெருவில் பிளாஸ்டிக் கோப்பை சரியென்றால் கண்ணாடிக் கோப்பை ஏன் தப்பு, படகு வாகனமா, புல் வெட்டும் வண்டி வாகனமா, அதில் உட்கார்ந்து பீர் குடிப்பவன் ஓட்டுநரா பயணியா என்று மூச்சுவிடாமல் முடித்திருப்பார். யார் கேட்டது? யாருமே கேட்கவில்லை.

எங்கள் லூசியானாவில் காரைவிட்டு இறங்காமல் கடை ஜன்னலிலேயே உறைந்த டைக்கிரி, அதாவது ரம் கலந்த ஐஸ் பானம், வாங்கலாம். மூடித் துளைமேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஸ்ட்ராவைத் தனியாகத் தருவார்கள். டேப் இருக்கும்வரை மூடிய பாத்திரம். ஸ்ட்ரா இறங்கினால் திறந்த பாத்திரம், குற்றம். இது எங்கள் ஊர்க் கோழிகளுக்கும் தெரியும். ஓவீட் கோழிகளுக்கும் விளக்குவார்.

அன்று காரை ஓட்டியவள் அவருடைய அக்கா மகள் ஓடெட். அவளிடமே கேட்டேன்.

"பின்விளக்கு எரியலன்னுதான் போலீஸ்கார மூட்டன் சார் நிறுத்தினார். 'திங்கட்கிழமைக்குள்ள மாத்திடும்மா'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். இந்த மனுஷன் சும்மா இருந்தாரா?"

இருக்கவில்லை. காரில் ஆளுக்கொன்றாக, டேப் பிரிக்காத இரண்டு டைக்கிரி கோப்பைகள். ஓவீட் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, நில்லுங்க! கோப்பையப் பாக்காமலே போறீங்க? இது ஏன் மூடினதுன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"தெரியாது. இங்க பாருங்க, இது மூடினது."

ஒப்பிட்டுக் காட்ட இன்னொன்று வேண்டுமே? ஓடெட்டின் கோப்பையை எடுத்தார். தன்னுடையதை எடுப்பாரா என்ன? டேப்பைக் குத்தி ஸ்ட்ராவை இறக்கினார்.

"இது திறந்தது. வண்டிக்குள்ள இப்படி வச்சிருந்தா குற்றம்!"

மூட்டன் அபராதச் சீட்டைப் பிரித்தார். "கோப்பை யாரோடது?"

"என்னோடது சார்," என்றாள் ஓடெட், அழாத குறையாக. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மதுக் குற்றம் ஒன்று பெயரில் ஏறினால் திங்கட்கிழமை வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மூட்டன் இரக்கக்காரர். "பெரியவர் சட்டம் தெரியாம செஞ்சிருந்தா, எச்சரிக்கையோட விட்டுடலாம். அவர் வாயால சொல்லட்டும்."

ஓவீட்டுக்கு வியர்த்தது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், வானத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பழகாத அந்தச் சொல்லை நாக்கின் நுனிவரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"எனக்குத் தெரி... யும்!"

பழக்கதோஷம்.

"மாமா! என் பஸ்ஸு!"

அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரியாது."

மூட்டன் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். திறந்த கோப்பையிலிருந்த பீச் பழ டைக்கிரியை அவரே புல்லில் கொட்டினார்.

வதந்தி உண்மைதான். நேரே ஓவீட்டிடம் போனேன். அவர் அசரவில்லை. "சாட்சிக் கூண்டுக்கு வெளிய சொன்னது செல்லாதுடா."

"சரிண்ணே. ஓடெட்டுக்கு ஒரு டைக்கிரி வாங்கித் தரணுமாமே?"

"கொட்டினது நானா? சட்டப்படி மூட்டனோட ஷெரீப் ஆபீஸ்தான் தரணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, 'இந்த டேப் சலுகை உறைந்த பானத்துக்குத்தானே, பீருக்குக் கிடையாதே' என்று உங்கள் உதடு துடித்ததா, இல்லையா? துடித்திருந்தால் தயவுசெய்து பின்னிருக்கையில் ஏறுங்கள்.

ஓடெட் இன்னும் அந்தப் பீச் டைக்கிரிக்காகக் காத்திருக்கிறாள்.