திரைச்சாமியின் விபூதியும் புது மாடல் டெப்பும்

பெரகல சந்தியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆட்டோக்கள் முட்டிக்கொண்டு நின்றன. தேர்த்திருவிழா இல்லை. தேர்தல் கூட்டமும் இல்லை. திரைச்சாமி வந்திருந்தார்.

மற்ற சாமிகள் மனிதருக்குக் குறி சொல்வார்கள். திரைச்சாமி டெப்புக்குக் குறி சொல்வார். பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குக் கையகலக் கணினி வைத்திருக்கிறார்களே, அந்த டெப்புக்கு நட்சத்திரம் உண்டு, ராசி உண்டு, ஆயுளும் உண்டு. கடையில் பெட்டியைப் பிரித்த நேரம்தான் அது பிறந்த நேரம். பிள்ளையின் ஜாதகத்தோடு அது பொருந்தாவிட்டால் என்னதான் படித்தாலும் மண்டையில் ஏறாது. பழையதைத் தள்ளிவிட்டுப் புது மாடல் வாங்கலாமா, வேண்டாமா என்பதைச் சாமி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். வாங்குகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டே வாங்கிவிடுவார்கள்.

அப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வந்த சனம் டெப்பைத் துவாயில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் வரிசை கட்டி நின்றது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் ஐயாவும் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், பட்டதாரி. கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ பிசகினால் ஆளைக் கூப்பிட்டு வைத்துக் குடைந்து குடைந்து கேட்பார். சாமியிடம் ஒரு கேள்வியும் அவருக்கு இல்லை.

வரிசையின் நடுவில் விஜயலெட்சுமி. கொழுந்து பறிக்கிறவள். மகள் விதுஷா உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் எடுத்திருக்கிறாள். தோட்டத்துப் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. பதுளை மாஸ்டர் ஒருவருடைய ஒன்லைன் வகுப்பை நம்பித்தான் பிள்ளையின் படிப்பு ஓடியது. பரீட்சை நெருங்குகிற நேரம் பார்த்து டெப்பில் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது.

சாமி என்ன சொல்வார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். போன ஞாயிறு வந்தவர்களுக்கெல்லாம் புது மாடல்தான் வாங்கச் சொன்னாராம். அதனால் காலையிலேயே தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். இங்கிருந்து நேரே பண்டாரவளைக்குப் போய்த் தோட்டை விற்று டெப் வாங்குவதாக ஏற்பாடு. அந்தத் தோடு கல்யாணத்துக்குப் போட்டது. அதைவிட்டால் வீட்டில் தங்கம் என்று சொல்ல வேறொன்றும் கிடையாது. கழற்றும்போது மகளுக்குத் தெரியாமல் ஒரு மூச்சு அழுதும் விட்டாள்.

இத்தனைக்கும் சாமி முதல்முறை வந்தபோது அவளுடைய டெப் கிண்ணென்றுதான் இருந்தது. அன்றைக்கு அவர் குறி சொல்லவில்லை, ஆசீர்வாதம் மட்டும் செய்தார். ஆளுக்கொரு விபூதி உருண்டை, நல்லெண்ணெயில் குழைத்தது. தினமும் காலையில் திரையின் நெற்றியில் ஒரு கீற்று, அடியில் சார்ஜ் குத்துகிற துளையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அந்தத் துளைதான் டெப்புக்கு வாயாம். அருள் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்குமாம். விஜயலெட்சுமி ஒரு நாள் தவறவில்லை. பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால், குளித்த ஈரத்தோடு, பிள்ளைக்கு ஊட்டுவதைப் போல அந்த வாய்க்கு ஊட்டினாள். முதலில் சார்ஜ் விட்டுவிட்டு ஏறியது. பிறகு அடியோடு நின்றது. அவளுக்கு மட்டுமா? லயத்து வீடுகளில் வரிசை வரிசையாக டெப்புகள் ஒரே மாசத்தில் சாகக் கிடந்தன. கொள்ளைநோய்கூட ஒன்றிரண்டு பேரைத் தப்ப விடும்.

அவளுக்குத் துணைக்கு வந்திருந்தது நாத்தனார் இராக்கம்மா. அம்மாமார் மலைக்கு ஏறியதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. மூக்கில் புளியங்கொட்டை, காதில் பட்டாணி என்று தினமும் எதையாவது எடுத்துக்கொண்டிருப்பவள். எந்தத் துளையைக் கண்டாலும் உள்ளே எட்டிப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போனது.

புது மாடலில் அப்படி என்னதான் புதுசு என்று வரிசையில் நிற்கும்போதே கேட்டாள். விஜயலெட்சுமி மகள் சொன்னதைச் சொன்னாள். கேமரா ஒன்று கூடுதலாம். ஆள் கொஞ்சம் மெலிவாம். படம் இன்னும் பளிச்சென்று தெரியுமாம். வகுப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடுமாம், பழைய வினாத்தாள்களும் அப்படித்தானாம்.

"அப்ப சார்ஜ் மட்டும் ஏறினா இதே போதும்ல அண்ணி?"

விஜயலெட்சுமிக்கு எரிச்சல் வந்தது. சாமிக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று அடக்கிவிட்டாள். சாமிக்கு எல்லாம் தெரியும் என்பது என்னவோ உண்மைதான். அது கொஞ்ச நேரத்தில் ஊருக்கே விளங்கியது.

அவர்கள் முறை வந்தது. காவி ஜிப்பா, கழுத்து நிறைய உருத்திராட்சம். முன்னால் பித்தளைத் தட்டில் சாமியின் சொந்த டெப், புது மாடல், சார்ஜ் வயரோடு ஜொலித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் விபூதிக் கிண்ணம். விஜயலெட்சுமியின் டெப்பை வாங்கி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கண்ணை மூடினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஆயுசு முடிஞ்சிருச்சும்மா. இதக் கட்டிக்கிட்டு அழுதா புள்ளைக்குப் பரீட்சைல கண்டம். புது மாடல் வாங்கு, ஒம் மக ராசிக்கு அப்பிடிப் பொருந்தும்."

சொல்லிவிட்டுப் பண்டாரவளைக் கடை ஒன்றின் பேர் போட்ட சீட்டை நீட்டினார். வேறு கடையில் வாங்கினால் அருள் இறங்காது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடை சாமியின் மச்சானுடையது என்பது பிற்பாடு தெரிய வந்தது. அருளும் சொந்தபந்தம் பார்த்துத்தான் இறங்கும் போலிருக்கிறது.

விஜயலெட்சுமி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இராக்கம்மா நகரவில்லை. குனிந்து தட்டில் இருந்த டெப்பையே பார்த்தாள்.

"சாமி, ஒங்க டெப்புக்கும் தெனம் விபூதி வப்பீங்கதானே?"

"தெனமும். தவறவே மாட்டேன்."

"வாய்ல ஒண்ணையும் காணோமே சாமி. பாவம், பட்டினியால்ல கெடக்கு."

அவள் சிரிக்கக்கூட இல்லை. தட்டிலிருந்த டெப்பை வயரைவிட்டு உருவி எடுத்தாள். கிண்ணத்தில் விரலை விட்டு எண்ணெய் விபூதியை ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு வழித்தாள். இத்தனை சனத்துக்கு அருள் கொடுக்கிறவரோட டெப்புக்கு நம்ம கையால் ஒரு வாய் என்று சொல்லிக்கொண்டே விரலைத் துளைக்குக் கொண்டுபோனாள்.

சாமி பாய்ந்து டெப்பைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதுல வைக்காத பொம்பள. அடைச்சிக்கிட்டா சார்ஜ் ஏறாது."

வரிசையில் நின்றவர்கள் அவரவர் டெப்பைத் திருப்பி அந்தத் துளையைப் பார்த்தார்கள். தான் சொன்னது சாமியின் காதிலேயே அப்புறம்தான் விழுந்தது. முகத்தில் விபூதியைவிட வெளுப்பு ஏறியது.

இராக்கம்மா அண்ணியின் காதிலிருந்து ஈர்க்குக்குச்சியை உருவினாள். பழைய டெப்பைக் கவிழ்த்துப் பிடித்து, குழந்தையின் காதைக் குடைவது போல் பதமாகக் குடைந்தாள். எண்ணெயும் சாம்பலுமாகக் கறுப்புக் களிம்பு சுருள் சுருளாக வந்து விழுந்தது. சீலைத் தலைப்பால் துடைத்தாள். சாமியின் வயரையே எடுத்துக் குத்தினாள். ஆயுசு முடிந்த டெப்பில் சார்ஜ் ஏறுகிற அடையாளம் மினுக்கென்று வந்தது.

விஜயலெட்சுமிக்குச் சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், அதற்கு மேலே ஆத்திரம். தன் கையாலேயே, அதுவும் குளித்துவிட்டு வந்து, பிள்ளையின் படிப்பை நாள் தவறாமல் அடைத்திருக்கிறாள். சீட்டைக் கிழித்துச் சாமியின் மடியில் போட்டாள். அங்கேயே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டைக் காதில் பூட்டினாள்.

சாமி தான் வந்த வேனுக்குப் போக வழி கேட்டார். பெண்கள் வழி விடவில்லை. மண்டபத்து விளக்குமாறு ஈர்க்கு ஈர்க்காகப் பிரிக்கப்பட்டது. சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்திருந்த அத்தனை டெப்பையும் ஒவ்வொன்றாகக் குடைந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் தோட்டத்துக்குச் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சிவசுப்பிரமணியம் ஐயா ஒரு ஈர்க்கை வாங்கிக்கொண்டு இராக்கம்மாவின் பக்கம் ஒதுங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இதைக் கிழக்கை பார்த்தோ வடக்கை பார்த்தோ குத்துறது? இப்ப ராகுகாலம் இல்லைத்தானே?"

இராக்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாத்துக் குத்துங்கய்யா. குத்துறப்பவே கொஞ்சம் யோசிங்க. அதுக்கு ராகுகாலமும் இல்ல, எந்தச் சாமிகிட்டயும் சீட்டு வாங்கத் தேவையும் இல்ல."