ஏறுமுகத்துக்கு விழுந்த முத்திரை

இதை எனக்கு முதலில் சொன்னது அந்த ஆலோசகரின் மனைவியேதான். போன மழைக்காலத்தில், பிரார்த்தனை முடிந்து இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சிரிப்பு தாங்காமல் நான் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆண்டவன் மன்னிக்கட்டும்.

அவள் புருஷனுக்கு முதலீட்டு ஆலோசகர் வேலை. யார் எங்கே பணம் போடலாம் என்று சொல்லிக் கூலி வாங்குகிற வேலை. தெருவில் அவருக்கு ‘ஏறுமுகம்’ என்று பெயர். சந்தை ஏறினால், "நான் சொன்னேனே, ஏறுமுகம்!" என்பார். இறங்கினால், "பாயறதுக்கு முன்னாடி குனியுது, அவ்வளவுதான்" என்பார். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு சுழல் நாற்காலி, அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கிற மின்விசிறி, வருகிறவர்களுக்குக் கால் ஆடும் நாற்காலி.

வாராவாரம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதுவார். சந்தை, துணிச்சல், தலைமைப் பண்பு, அரசியல் எல்லாம் அதில் இருக்கும். மடித்து உறையில் போட்டு ஒட்டுவது மனைவி. ஒட்டுவதற்கு முன்னால் அவள் படித்துவிடுவாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவரிடம் ஒரு படிவம் உண்டு. பன்னிரண்டு கேள்வி. அ என்றால் மூன்று மதிப்பெண், ஆ என்றால் இரண்டு, இ என்றால் ஒன்று. இருபதுக்குக் கீழே வந்தால், "பயந்த சுபாவம். பங்குகள் வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து வரவும்" என்று ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தர் கண்ணீர் விட்டபோதுகூட, "நம்பர் பொய் சொல்லாதும்மா" என்றாராம். சொந்த மாமனாரையே முத்திரை குத்தி அனுப்பியவர். மாமனார் அன்றிலிருந்து போனில் "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். மாமனாரின் மகள் அதை மறக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஏறுமுகம் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு, தரையில் கால் படாமல் வந்தார். கையில் பேங்க் காகிதங்கள்.

"இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது?"

"வீட்டை பேங்க்ல வச்சு ஒரு கம்பெனில போடப்போறேன். குளிர்சாதன லாரி கம்பெனி. அதோட தலைவரை நீ பாக்கணுமே! ஒன்றரை மணி நேரம், கையில ஒரு துண்டுக் காகிதம் இல்லாம பேசினார். அதுதான் தலைமை!"

"நம்ம குழாய் ரிப்பேர்க்காரரும் காகிதம் இல்லாமத்தான் பேசறார். குழாய் ஒழுகிட்டுதான் இருக்கு."

"உனக்கு அரசியல் புரியாது. ஆட்சி மாறினா இந்தத் தொழிலுக்குச் சலுகை வரும். பங்கு ஏறும்."

"மாறலேன்னா?"

"மாறலேன்னாலும் ஏறும்."

"அப்போ ஆட்சிக்கும் லாரிக்கும் என்னங்க சம்பந்தம்?"

ஏறுமுகம் தண்ணீர் குடித்தார். இருபத்தேழு வருஷமாக, பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும்.

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அழுவாள், கத்துவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தார். அவளோ கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "போடறேனே. படிவம் எங்கே?" என்றாள்.

"இதோ இருக்கே."

"அது பேங்க் படிவம். உங்க படிவம் எங்கே?"

"அது வாடிக்கைக்காரங்களுக்கு. நான் ஆலோசகர்!"

"‘என் மாமனாரே வந்தாலும் படிவம், நானே வந்தாலும் படிவம்’னு போன மாசக் கடிதத்துல எழுதியிருந்தீங்களே. எத்தனை உறை ஒட்டினேன்!"

ஏறுமுகத்துக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு கேள்வியும் அவரே எழுதியது. பன்னிரண்டுக்கும் ‘அ’ சொன்னால் முடிந்தது. "சரி, கேளு" என்றார்.

அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். அவருக்குக் கால் ஆடும் நாற்காலிதான் மிச்சம்.

"உங்கள் பணத்தில் கால்வாசி திடீரென்று குறைந்தால்? அ, இன்னும் வாங்குவேன். ஆ, பொறுத்திருப்பேன். இ, பதறிப்போவேன்."

"அ!"

"போன வாரம் பர்ஸைக் காணோம்னு போலீஸ் வரைக்கும் போனீங்க. பர்ஸ் எங்கே இருந்துச்சு?"

"...சட்டைப் பையில."

"எந்தச் சட்டை?"

"போட்டிருந்த சட்டை."

"இ."

"ஏய், அது வேற இது வேற!"

"புதிய வழியில் துணிந்து போவீர்களா?"

"எப்பவும்!"

"முடிவெட்டறவர் ஊருக்குப் போனா இரண்டு மாசம் சாமியார் மாதிரி நிக்கறீங்க. வேற கடைக்குப் போக மாட்டீங்க."

"அது கத்தி விஷயம்மா!"

"இ. அடுத்தது. வீட்டில் முக்கிய முடிவுகளை எடுப்பது யார்? அ, நானே. ஆ, கலந்து பேசி. இ, மற்றவர்கள்."

"இதுல என்ன சந்தேகம்?" அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "நான்னு போட்டுக்கலாமா?"

"இ" என்று எழுதினாள்.

பன்னிரண்டு கேள்வியும் முடிந்து கூட்டிப் பார்த்தால் பதினாலு.

"கூட்டினது தப்பா இருக்கும்" என்று எட்டிப் பார்த்தார்.

"நம்பர் பொய் சொல்லாதுங்க."

முத்திரையை எடுத்து, வாயருகே வைத்து ‘ஹா’ என்று ஊதி, ஓங்கிக் குத்தினாள். மேஜை அதிர்ந்தது. ஆலோசகர் கையெழுத்து என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். வீட்டுக்காக அவள் அன்று போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஏறுமுகம் கடிதம் எழுத உட்கார்ந்தார். "உண்மையான தலைவன் தன் விதிக்குத் தானே கட்டுப்படுவான். என் படிவத்தில் நானே தோற்று, ஒரு பெரிய முதலீட்டைக் கைவிட்டேன்" என்று தொடங்கி, நாலு பக்கம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். வழக்கம்போல அவள்தான் மடித்தாள். ஆதாரம் இருக்கட்டுமே என்று அந்தப் படிவத்துக்கும் ஒரு நகல் எடுத்து ஒவ்வொரு உறையிலும் வைத்து ஒட்டிவிட்டாள்.

லாரி கம்பெனி என்ன ஆயிற்று என்று நானும் கேட்டேன். ஏறிற்றா, இறங்கிற்றா, அவளுக்கே தெரியாதாம். வீடு இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தது அந்த டீச்சரம்மாதான். ஏறுமுகம் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, "வாங்க வாங்க" என்றார். டீச்சரம்மா அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆலோசகரம்மா இல்லீங்களா?" என்றாராம்.

நீங்களும் அந்தப் பக்கம் போகிறதாக இருந்தால், ஒரே ஒரு உதவி. முதலில் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அப்புறம் அம்மாவைக் கேளுங்கள்.