கூப்பிடுகிறோம், தயாராக இருக்கவும்

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். உங்கள் குடும்பத்திலும் இருக்கிறார், மழுப்பாதீர்கள். யாருக்காவது நேர்முகத் தேர்வு என்ற செய்தி காதில் விழுந்த அரை மணி நேரத்தில் வந்து நிற்பார். என்ன வேலை, படித்தாயா, போகிற வழி தெரியுமா என்று பேச்சுக்குக்கூடக் கேட்க மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: "என்ன சட்டை?"

இவர்தான் நேர்முகச் சட்டை நிபுணர். நாம் பார்க்கப்போகிறவரைக் குடும்பம் முழுக்கப் பெரியப்பா என்றே கூப்பிடும். இருபத்திரண்டு வருஷம் ஒரு டயர் கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். ஆயுளில் ஒரே ஒரு நேர்முகத் தேர்வுக்குத்தான் போயிருக்கிறார். அன்று போட்டிருந்தது வெளிர் நீலச் சட்டை. அப்புறம் கேட்க வேண்டுமா? வெளிர் நீலம் நம்பிக்கை, வெள்ளை பணிவு, கோடு போட்டது குழப்பம், கட்டம் போட்டது கல்யாண வீட்டுக்கு என்று ஒரு சட்டப் புத்தகத்தையே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டார். பச்சையா? மூச்சு விடக்கூடாது.

"பச்சை போட்டவன் வேலை வாங்கினதா சரித்திரமே இல்ல."

இன்னொரு சட்டமும் உண்டு. "போனை வாசல்லயே அணைச்சிடணும். உள்ள மணி அடிச்சுதுன்னா வேலை போச்சு!"

தம்பி மகளை ஒரு நேர்முகத் தேர்வுக்கு முன்னால் நான்கு முறை உடை மாற்ற வைத்தார். அவள் பேருந்தையும் தவறவிட்டு, மூச்சிரைக்க ஓடிப்போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வேலை வாங்கி வந்தாள். பெரியப்பா மீசையை நீவிக்கொண்டார். "பாத்தியா? அந்த நீலம்தான்."

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வந்தது. டயர் கிடங்கை மூடிவிட்டார்கள்.

ஐம்பத்தோரு வயதில் வீட்டில் உட்கார்ந்தார். விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டார். நான்கு மாதத்தில் ஒரு பதில்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அப்போதுதான் ஒரு பெட்டிக் கிடங்கிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: "வியாழன் காலை பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறோம். தயாராக இருக்கவும்."

மூன்று நாள் வீடு வீடாக இல்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் கட்டிலுக்கு வந்தது, கட்டிலில் இருந்ததெல்லாம் தேய்ப்புக்குப் போனது.

"என்னங்க, அவங்க என்ன கேப்பாங்கன்னு கொஞ்சம் யோசிங்களேன்," என்றார் பெரியம்மா.

"சட்டை சரியா இருந்தா கேள்வியே கேக்க மாட்டாங்கடி."

ஆனால் வியாழக்கிழமை காலையில் ஊருக்கே சட்டை சொன்ன மனிதருக்குத் தன் சட்டை தெரியவில்லை. வெள்ளையை எடுத்தார், வைத்தார். நீலத்தை எடுத்தார், வைத்தார். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த தம்பி மகளிடம், "எதைம்மா போடட்டும்?" என்றார். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது. ஆனால் அவர் இரண்டு சட்டையையும் மாறி மாறித் தன் மேல் வைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"நீலமே போடுங்க பெரியப்பா. ராசியான சட்டை."

நீலச் சட்டை, கழுத்தில் டை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ. பத்தரைக்கே பெட்டிக் கிடங்கின் வாசலில் நின்று, சட்டப்படி போனை அணைத்துவிட்டு உள்ளே போனார். வரவேற்பில் இருந்த பெண் பதறி எழுந்தாள்.

"சார் யாரைப் பாக்கணும்?"

"கூப்பிட்டிருக்காங்க."

டீ வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. மணி பதினொன்று ஆனது, பத்து நிமிஷம் கூடவும் ஆனது. உள்ளேயிருந்து கசங்கிய டீ ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக மேனேஜர் போனும் கையுமாக வந்தார்.

"நாலு தடவை கூப்பிட்டாச்சு, போனை அணைச்சு வச்சிருக்கான். இவனுக்கெல்லாம் எதுக்கு வேலை?" என்று கத்தியவர், டையைக் கண்டதும் குரலை அப்படியே இறக்கினார். "வணக்கம் சார். ஆய்வுக்கு வந்திருக்கீங்களா?"

பெரியப்பா பையிலிருந்து அணைந்த போனை மெதுவாக எடுத்தார். "இல்லைங்க. அந்த 'இவன்' நான்தான்."

"போன்ல கூப்பிடுறோம்னுதானே சொல்லியிருந்தோம்?"

"கூப்பிடுறோம்னு மட்டும்தாங்க இருந்துது."

செய்தியை அனுப்பிய வரவேற்புப் பெண் மேஜை இழுப்பறையில் மும்முரமாக எதையோ தேட ஆரம்பித்தாள். மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. வந்ததுதான் வந்தீர்கள், கிடங்கைப் பாருங்கள் என்று உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே கால் வைத்ததும் பெரியப்பாவுக்குச் சட்டை மறந்துபோனது. "இது யாருங்க அடுக்கினது? கனமானது மேல, லேசானது அடியில. நாளைக்கு யார் தலையிலயாவது விழவா?" டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வரிசையையே இறக்கி அடுக்கிக் காட்டினார். நீலம் முழுக்கத் தூசி.

"திங்கக்கிழமை வந்துடுங்க," என்றார் மேனேஜர். "ஏதாவது கேக்கணுமா?"

வேறு யாராக இருந்தாலும் சம்பளம் கேட்டிருப்பார்கள்.

"யூனிஃபார்ம் என்ன கலருங்க?"

"பச்சை."

அன்று வீட்டில் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பெரியப்பா தூசிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "நீலம்." பெட்டி அடுக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது ஒரு மாதமாகப் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது: பச்சைக்கு ஈடு எதுவும் கிடையாது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். நிறத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர் நீங்கள். சரி, இப்போது என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறீர்கள்?

குனிந்து பார்த்தீர்கள்தானே?