பின்னாலவாங்க பிடித்துக் கொடுத்த எழுத்து வேலை

காஞ்சிபுரத்துக்கு வந்து சாமி கும்பிடாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இட்லி சாப்பிடாமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். 'பின்னாலவாங்க'விடம் மாட்டிக்கொண்டு, பட்டுப் புடவை வாங்காமல் திரும்பியவர் ஒருவர்கூடக் கிடையாது. கல்யாணமே வேண்டாம் என்று நாற்பது வயது வரை பிடிவாதமாக இருந்த ஒரு பெங்களூர்க்காரர் கோயிலைப் பார்க்க வந்து, முகூர்த்தப் புடவையோடு ஊர் திரும்பி, வாங்கிய புடவை வீணாகக் கூடாதே என்று பெண் தேட ஆரம்பித்தாராம். நான் நம்புகிறேன்.

பின்னாலவாங்க ஒரு புடவைத் தரகர். வெளியூர் நம்பர் பலகையோடு கார் வந்தால், மொபெட்டில் அதன் முன்னால் போய், "பட்டுக் கடைதானே சார்? பின்னால வாங்க" என்று சொல்லி, தனக்குக் கமிஷன் தரும் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். பெயர் அப்படித்தான் வந்தது. நிஜப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். கார் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி ஓட்டி, கழுத்து இடது பக்கம் பாதி திரும்பிய வாக்கிலேயே நின்றுவிட்டது. நம்மிடம் பேசும்போதும் நமக்குப் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பார். அதனால் அவர் ஒருவரிடம் பேரம் பேசினால் இரண்டு பேர் ஒப்புக்கொள்வார்கள்.

கமிஷன் விஷயத்தில் ஈவு இரக்கமே கிடையாது. செருப்பு விடும் இடத்தைக் கைகாட்டினால்கூடச் செருப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு டீயாவது வாங்கிக்கொள்ளாமல் நகர மாட்டார். நம்பர் பலகையைத் தவிர அவர் வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர்தான் எனக்கு எழுத்து வேலை தேடித் தந்தார்.

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி எங்கள் பிரிவையே மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிய ஓர் ஆனி மாதம் அது. கம்ப்யூட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பக்கத்தில் மொபெட் வந்து நின்றது.

"மேடம், முகூர்த்தப் பட்டா, சாதாப் பட்டா?"

"நான் இந்த ஊருதாங்க. பிள்ளையார்பாளையம்."

நான் சொன்ன விதத்துக்கு வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் இஞ்சினை அணைத்தார்.

"பையில இன்னாமா?"

"கம்ப்யூட்டர். இனிமே பிளாக் எழுதப் போறேன். கடைங்களுக்கு, கம்பெனிங்களுக்குக் கட்டுரை எழுதித் தர்ற வேலை."

"யாரு வாங்கறாங்க?"

"அதான் தெரியல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உனக்கு ஒரு தரகர் வேணும்மா."

வீட்டில் அம்மா கெடு வைத்தாள். ஆடி முடிவதற்குள் எழுத்தில் ஒரு ரூபாயாவது வர வேண்டும். வராவிட்டால் செய்யாறில் மாமாவின் சிமெண்ட் கடையில் பில் போடப் போக வேண்டும். மாமா நல்லவர். ஆனால் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் இருந்தாலே தலைமுடி நரைத்த மாதிரி ஆகிவிடும். எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எனக்கு உருப்படியாக வராது என்பது எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்டர்நெட்டில் தேடினேன். ஒரு வேலைக்கு நூறு பேர் விலை சொன்னார்கள். என்னைவிடக் குறைவாக ஒருவர், அவரைவிடக் குறைவாக இன்னொருவர். போகிற போக்கைப் பார்த்தால் எழுதுகிறவரே கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு மகானுபாவர் மாதிரிக்கு என்று ஆறு கட்டுரை வாங்கிக்கொண்டு மாயமானார். இன்னொருவர், "காசு கிடையாதுங்க, ஆனா உங்க பேர் பரவும்" என்றார். என் பேர் பிள்ளையார்பாளையத்தில் ஏற்கெனவே நன்றாகப் பரவியிருந்தது, வேலையில்லாதவள் என்று.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். திருப்புட்குழி கோயிலுக்குப் போய்விட்டு நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே டீக்கடையில் பின்னாலவாங்க.

"ஊர விட்டு இங்க வந்து இன்னா அண்ணா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு என் கதையையும் கொட்டினேன்.

"கோயில் வாசல்ல நாப்பது தரகன் நிக்கறான். ஒரு காருக்கு நாப்பது பேரும் ஓடுவான். நான் தாமல் ஏரிக்கரைலியும் இங்கியும் வந்து நின்னுக்கினு இருக்கேன். பெங்களூர் கார் டீ குடிக்க இங்கதான் நிக்கும். பட்டு வாங்கணும்னு அவங்களுக்கே இன்னும் தோணிருக்காது. தோண வைக்கறதே நான்தான்." டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "நீ தேடற எடம் கோயில் வாசல்மா. ஆள் வேணும்னு போர்டு போட்டவன்கிட்ட ஊரே போயி நிக்கும். போர்டு போடாதவன்கிட்ட போ."

எத்தனையோ ஆன்லைன் வகுப்புகளில் பணம் கட்டிக் கேட்டதில், இவ்வளவு உருப்படியான ஒன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் உள்ள கடைகள், லாட்ஜுகள், மருத்துவமனைகள் எல்லாவற்றின் இணையதளத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் பிளாக் என்று ஒரு பக்கம் இருந்தது. அதற்குள் உருப்படியாக ஒன்றும் இல்லை. பின்னாலவாங்க நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"எல்லாத் தறியும் காலியா கெடக்குதும்மா! பாவு ஏத்த ஆளில்ல!"

முதல் வேட்டை ஒரு பல் டாக்டர். அவர் பிளாக்கில் மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி வாழ்த்து மட்டும் இருந்தது. நோயாளிகள் நிறைந்த அறையில் நின்று, "மூணு வருஷமா தீபாவளி வாழ்த்தே சொல்லிக்கினு இருக்கீங்களே டாக்டர், பொங்கலே வராதா?" என்று பின்னாலவாங்க சத்தமாகக் கேட்டாராம். டாக்டர் அமைதியாக அவரை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார். பின்னாலவாங்க கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்து, "பல்லு போனா போவுது. யோசிச்சி சொல்றேன்னிருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆடியில் இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி.

அடுத்தது காந்தி ரோட்டில் பெரிய பட்டுக்கடை. "ஆவணில முகூர்த்தம் வருது. கடைக்காரன் செலவுக்குக் கை நீட்றது இப்பதான்" என்றார். அதற்கு ஒரு தொழில் ரகசியமும் சொல்லிக் கொடுத்தார்.

"புடவ காட்றவன் இன்னா பண்ணுவான்? மொதல்ல ரெண்டு சுமார் புடவையப் பிரிச்சிப் போடுவான். மூணாவதாத்தான் நல்லதப் பிரிப்பான். பார்ட்டி அப்படியே சாஞ்சிடும். நீயும் ரெண்டு மட்டமா எழுதிக்கினு வா."

வேண்டுமென்றே மட்டமாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் கட்டுரை அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி வந்தது. இரண்டாவதில் கூச்சத்தை விட்டேன். வானவில் வெட்கப்பட்டது, மயில் பொறாமைப்பட்டது, நிலா மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது, ஒவ்வொரு வரிக்கும் மூன்று ஆச்சரியக்குறி. மூன்றாவதை உயிரைக் கொடுத்து எழுதினேன். பக்கத்து வீட்டுத் தறியடியில் ஒரு வாரம் உட்கார்ந்து, உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்யும்போது, தறியில் இரண்டு பேர் எப்படி ஒருவர் கைக்காக இன்னொருவர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதியது.

கடை முதலாளி முதல் கட்டுரையைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். இரண்டாவதை எடுத்தார். எழுந்து நின்றார். "நிலா ஒளிஞ்சிக்கிச்சாம்பா! இங்க வாங்க எல்லாரும்!" என்று விற்பனைப் பெண்களைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தார். உருகிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது அவர் முழங்கைக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது. நான் பின்னாலவாங்கவின் காலை மிதித்தேன். அவர் அசரவே இல்லை.

"மேடமோட ஸ்பெஷலே அதான் மொதலாளி."

அவமானமாக இருந்தாலும், சரி, செய்யாறுக்கு இது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் முதலாளி போனை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுக்கு ஏம்பா காசு? என் பையன் போன்ல ரெண்டு வார்த்த கேக்கறான், மெஷினே ஒரு நிமிஷத்துல எழுதிக் குடுத்துடுது."

ஆடியில் நான்கு நாள்தான் பாக்கி. சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியது.

பின்னாலவாங்க முதலாளிக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்துக் கேட்டார். "வாசல்ல இன்னா போர்டு வெச்சிருக்கீங்க மொதலாளி?"

"கைத்தறின்னு."

"இதே டிசைன விசைத்தறில கால் வெலைக்குப் போட்டுத் தர்றான். கஸ்டமர் வந்து அதச் சொன்னா நீங்க இன்னா சொல்வீங்க?"

முதலாளி போனைக் கீழே வைத்தார். விற்பனைப் பெண்களில் ஒருத்தி கைதட்டவே போய்விட்டாள். பின்னாலவாங்க என் பக்கம் திரும்பினார், அதாவது கிட்டத்தட்ட என் பக்கம். "நீ வெளில இரும்மா. ரேட்டு பேசறப்ப சரக்கு பக்கத்துல நிக்கக் கூடாது."

செருப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம் நின்றேன். வெளியே வந்தார். "மாசம் ரெண்டு கட்டுரை. கல்லாலியே குடுத்துருவாங்க. உங்கம்மாகிட்ட போயி சொல்லு."

அம்மா நான் அன்றே கல்லாவில் வாங்கிக் கொண்டுவந்த கவரை இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டாள். "அவளுக்கு நேரமில்ல அண்ணா. சிமெண்டுக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகத்தான் நடந்தது. எழுதி வெளியான கட்டுரை என்று காட்ட ஒன்று கையில் இருந்ததால் லாட்ஜ்காரர் வேலை கொடுத்தார், ஒரு டிராவல்ஸ் கொடுத்தது, பல் டாக்டரும் யோசித்து முடித்தார். போர்டு போடாதவர்களாகத் தேடித் தேடிப் போனேன். முன்பின் தெரியாதவர்களிடம்கூட அந்தக் கைத்தறிக் கேள்வியை நடித்துக் காட்டிச் சொல்வேன். கேட்டவர்கள் எல்லோரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

தை மாதம் பட்டுக்கடைக் கல்லாவில் இருந்த அக்கா கவரை நீட்டிக்கொண்டே, "இந்த மாசத்துலருந்து இது எங்க கடைக் காசு மேடம். உங்களதப் படிச்சிட்டு கோயமுத்தூர்லருந்து ஒரு பார்ட்டி வந்துச்சு, அதான்" என்றாள்.

"அப்ப இவ்வளவு நாளா?"

"அந்தத் தரகர் கமிஷன்லதான புடிச்சிக் குடுத்துக்கினு இருந்தோம்? அன்னிக்கே பேசினதாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"அந்தக் கைத்தறிக் கேள்வி?"

"அதுக்கா மொதலாளி மசிவாரு? அவரு கைத்தறி விக்கறவருமா, வாங்கறவரு இல்ல."

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நெடுஞ்சாலை டீக்கடைக்கே போனேன். அவர் ஒரு பக்கமாக வடை மென்றுகொண்டிருந்தார்.

"நான் உங்ககிட்ட பிச்ச கேட்டனா அண்ணா?"

"யாரு சொன்னா பிச்சன்னு?" நிஜமாகவே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "புதுசா கடை போட்டா மொதல்ல ஒருத்தன் போணி பண்ணணும். போணி ஆவாத கடைக்கி ரெண்டாவது ஆளு வர மாட்டான். உன் கடைக்கி நான் போணி பண்ணேன். அவ்ளோதான்."

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்."

"போணிக் காச யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? யாவாரம் படுத்துக்கும். மூட்டையக் கட்டிக்கினு செய்யாறு போவணும், போறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "நான் எழுதினதுல ஒன்னாவது படிச்சீங்களா? அது எப்படி இருக்குதுன்னாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏதும்மா அதெல்லாம்" என்றார், வடைக் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டு. "நல்லாத்தான் இருக்கும்."

இன்று என் எழுத்துக்கு நிறையப் பேர் காசு தருகிறார்கள். மாற்றச் சொல்கிறார்கள், சுருக்கச் சொல்கிறார்கள், மூன்று நாள் யோசித்துவிட்டுப் பழையபடியே எழுதச் சொல்கிறார்கள். என் எழுத்தை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும், ஒரு வரிகூடப் படிக்காமல், நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினார். எழுத உட்காரும்போதெல்லாம், அது பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் இன்னமும் பயப்படுகிறேன்.